சாகாத நோட்டு, செத்த சில்லறை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு மனுவாகத் தொடங்கியது. மேல்மாடி பிசெர்கா அக்காவுக்காக மத்திய வங்கிக்கு நான் எழுதிக்கொடுக்க வேண்டிய மனு, ஒரே பக்கம். ஒரு வாரமாக அது வரவில்லை, இதுதான் வருகிறது. கோபத்தில் எழுதுகிறேன். யார்மேல் கோபம் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

முதல் வரிக்குச் சில முயற்சிகள்:

"கார்லோவாட்ஸ் பேருந்து நிலையத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு..." (பனி வேண்டாம். பனி பெய்தாலே வாசகர்கள் இரக்கப்பட ஆரம்பித்துவிடுகிறார்கள்.)

"சில்லறை என்பது ஒரு நாட்டின்..." (இது கட்டுரை. அதுவும் மோசமான கட்டுரை.)

"பிசெர்காவிடம் நான்கு வாளிச் சில்லறை இருந்தது." இது போதும்.

2.

எங்கள் ஊர் கார்லோவாட்ஸ் பேருந்து நிலையக் கழிப்பறை வாசலில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவள் பிசெர்கா. கழுவுவது, துடைப்பது, காகிதம் வைப்பது எல்லாம் அவள்தான். மேசைமேல் ஒரு தட்டு. அந்தத் தட்டு காலியாகவும் இருக்கக் கூடாது, நிறைந்தும் இருக்கக் கூடாது. அப்போது எங்கள் நாட்டுப் பணம் குனா; காலையில் தன் பையிலிருந்தே இரண்டு-குனா நாணயம் மூன்றைப் போட்டுவைப்பாள். பார்ப்பவனுக்கு அதைவிடக் குறைத்துப் போடக் கூச்சம் வரும். கூச்சம் இல்லாதவர்கள் விட்டெறிந்துபோகும் ஒற்றைக் குனாவையும் அரைக் குனாவையும் உடனே பொறுக்கி, கேன்டீனுக்கு ஊறவைத்த முட்டைக்கோஸ் வந்த பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டுவிடுவாள். தட்டிலேயே கிடந்தால் அடுத்தவனுக்கும் அதே புத்தி வருமாம்.

எதற்குச் சேர்த்தாள்? முதல் வரைவில் அவளுக்கு ஒரு மகளைக் கொடுத்து, அந்தப் பெண்ணைச் சாகடித்து, கல்லறைக்குக் கல் வைக்கச் சேர்த்ததாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவளுக்கு வேண்டியது பல்செட். மேல்வரிசையில் நான்கு பல்தான் மிச்சம். காப்பீட்டில் கிடைத்த செட் வாயில் நிற்கவில்லை. ஆப்பிளைக் கரண்டியால் சுரண்டித் தின்கிறாள். நன்றாகக் கடித்துத் தின்ன வேண்டும் என்று ஒருத்தி ஆசைப்படுவது உங்களுக்குப் போதாதா? கூடவே ஒரு பிணமும் வேண்டுமா?

3.

மூன்று வருடத்துக்கு முன் குனா போய் யூரோ வந்தது. உள்ளூர் வங்கியில் ஒரு தடவைக்கு நூறு நாணயம்தான் கட்டணமில்லாமல் மாற்றித் தந்தார்கள். இரண்டு முறை போனாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். மூன்றாம் முறை போகவில்லை. பிறகு முழங்கால் அறுவை. "காசு எங்கே போய்விடும், ஸாக்ரெப் மத்திய வங்கியில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்" என்று ஒருவர் சொன்னதை நம்பி வாளிகளைக் கட்டிலடியில் தள்ளிவிட்டாள். (அந்த ஒருவர் யார் என்பதற்கு வருகிறேன்.)

இந்த ஜனவரி ஏழாம் தேதி, காய்கறிக்காரரின் வேனில் நான்கு வாளிகளையும் ஏற்றிக்கொண்டு தலைநகர் ஸாக்ரெப்புக்குப் போனாள். வங்கி ஜன்னலில் இருந்த பெண் நல்ல பெண்தான். அவளைப் பிசாசாக எழுதினால் கதை சுலபமாக நடக்கும், ஆனால் அது பொய். எழுந்து வந்து, வாளிகளைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்:

"நோட்டுன்னா எப்ப வந்தாலும் மாத்தலாம்மா. காசுக்குத்தான் போன டிசம்பரோட முடிஞ்சிடுச்சு."

பல்லில்லாதது தெரியக் கூடாதென்று எப்போதும் கையால் வாயை மறைத்தே பேசும் பிசெர்கா, மறைக்காமல் பேசினாள். அதுதான் முதல் தடவை.

"ஆயிரம் குனா நோட்ட மெத்தைக்கடியில ஒளிச்சு வெச்சவன் பேரன் வந்தாலும் மாத்துவீங்க. கக்கூஸ் கழுவி அரைக் குனா அரைக் குனாவா சேத்தவளுக்கு மூணே வருஷமா?"

வசதியானவன் கையில் நோட்டு தங்கும், இல்லாதவள் கையில் சில்லறைதான் தங்கும். இது தெரியாமலா விதி எழுதினார்கள்?

4.

இப்போது அந்த ஒருவர்.

ஒரு வரைவில் அவரைப் பாதிரியாராக எழுதினேன். இன்னொன்றில் வானொலி அறிவிப்பாளர். மூன்றாவதில் ஏதோ ஒரு மருமகன். மூன்றும் நன்றாகவே வந்தன. பொய்க்கு எப்போதும் நல்ல நடை அமைந்துவிடுகிறது.

நான்தான். யத்ராங்கா, முதல் மாடி, ஓய்வுபெற்ற மொழி ஆசிரியை. மாடிப்படியில் அவள் கேட்டாள், சொன்னேன். செய்தித்தாளில் தலைப்பை மட்டும் படித்திருந்தேன், அது நோட்டைப் பற்றியது. கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளைக் 'கேள்வியை முழுதாகப் படி' என்று திட்டியவள் நான். "டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவள் அன்றைக்கே கட்டிலடியில் தள்ளினாள்.

நீங்கள் கேட்பீர்கள், உன் கைக்காசைக் கொடுக்கலாமே என்று. கொடுத்தேன். உறையில் போட்டு நீட்டினேன். "நான் பிச்சையா கேட்டேன்?" என்று என் கதவிடுக்கிலேயே திரும்பச் செருகிவிட்டுப் போனாள். இது பிச்சை இல்லை, என் தப்புக்குத் தண்டம் என்று சொல்லியிருந்தால் வாங்கியிருப்பாள், அவள் அப்படிப்பட்டவள். பல்செட்டும் வந்திருக்கும். சொல்வதற்கு வாய் வரவில்லை. இத்தனை பல்லையும் வைத்துக்கொண்டு.

5.

முடிவுகள்:

(அ) பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போடுகிறாள். கடைக்காரர் சொன்ன விலைக்கு ஒரு பல்கூட வராது. விலை கேட்டது நடந்தது, ஆனால் அவள் விற்கவில்லை.

(ஆ) கூபா ஆற்றில் கொட்டுகிறாள். முட்டாள்தனம். முழங்கால் அறுவை செய்தவள் நாற்பது கிலோவைப் பாலத்துக்குத் தூக்கிப்போவாளா? ஆறு வந்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்பதற்காக...

(இ) ஓர் ஓவியக்கூடத்துக்காரன் அந்தக் காசுகளால் சுவரில் நாட்டு வரைபடம் ஒட்டலாம் என்றான். காசு தரமாட்டானாம், பெயர் போடுவானாம். இதற்குமேல் எழுதினால் கெட்ட வார்த்தை வரும்.

(ஈ) ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நேற்று மதியம் பிசெர்கா தானே ஒரு அச்சடித்த மனுத்தாளோடு இறங்கி வந்து என் சமையலறையில் உட்கார்ந்தாள். சிறப்புச் சலுகை கேட்டு ஒரு மனு போட்டுப் பார்க்கலாம் என்று போன வாரம் யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். பெயர், முகவரி, தொகை எல்லாம் நிரப்பினேன். கடைசி வரி: 'தாமதத்துக்குக் காரணம்'.

"எனக்கு யாரும் சொல்லலன்னு போடு" என்றாள்.

"யாருமேவா?"

அவள் என்னைப் பார்த்தாள். "வேற யார் பேர போடச் சொல்ற, டீச்சரம்மா?"

அன்று மாடிப்படியில் நான் சொன்னதை நினைவில் வைத்துக் கேட்டாளா, மறந்துவிட்டுக் கேட்டாளா? நினைவிருந்தால் அந்தப் பெருந்தன்மைக்காகவே அவள்மேல் எனக்குக் கோபம் வரும். மறந்திருந்தால் என்மேல். இரண்டில் எதுவென்று இந்தக் கதைக்கும் தெரியவில்லை.

எழுதினேன். என்ன எழுதினேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அந்த இடத்தில் நீங்கள் பேனாவைப் பிடித்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்களோ, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்:

காரணம்: ...............................

தாளை அவள் பக்கம் திருப்பி, ஒரு தடவை படித்துப் பாருங்கள் அக்கா என்றேன். நீ எழுதினது தப்பாவா இருக்கும் என்று சொல்லிவிட்டு, படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.