கொட்டகைக் கதவில் ஒரு கை

கிலோ நாற்பத்தெட்டு என்று விலை சொன்னார் பழைய இரும்புக்காரர். தம்பியின் வலது கையும் அந்த விலைக்குள் அடக்கம் என்பது துணிக்கடை அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

விமானப்படை அந்த மைதானத்தில் முப்பத்தைந்து வருஷம் பையன்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தது. முதன்முறை தனியாக ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, உருப்படியாக இறங்கியவன், சிவப்புப் பெயின்டில் கையை முக்கி விமானக் கொட்டகைக் கதவில் ஓங்கி அறைய வேண்டும். பட்டமும் பாராட்டும் அங்கே அதுதான். பிறகு ஊர் பெருத்து, ஓடுபாதையை ஒட்டி வீடுகள் முளைத்தன. படை வேறு இடம் பார்த்துக்கொண்டது. கொட்டகை ஏலத்துக்கு வந்து, கதவுகளோடு பழைய இரும்புக்காரர் கைக்குப் போனது. தம்பி அதற்கெல்லாம் முன்பே போய்விட்டான். கை பதித்த மூன்றாம் மாதம் விமானத்தோடு கடலில் விழுந்தான். வீட்டுக்கு வந்தது அவன் பெட்டி மட்டும்.

அந்தக் கையைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. சின்ன வயதில் கடை ஷட்டரில் நசுங்கிய சுண்டுவிரல், பாதியில் நின்றிருந்தது. அக்கா கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். வேண்டிய சரக்கை வேண்டாத முகத்தோடு பார்த்துத்தான் பழக்கம்.

"இதப் போய் யாருண்ணே வாங்குவா? கதவு பூரா ஒரே கறை."

"கறைய விடுங்கக்கா, இரும்பு கெட்டி. குண்டு போட்டாலும் அசையாது."

"போட்டுப் பாத்தீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "சரி, உங்களுக்காக நாப்பத்தஞ்சு."

"நாப்பது. குடோனுக்குத்தான், காட்சிக்கா வைக்கப்போறேன்?"

பேரம் படிந்தது. முன்பணம் கொடுத்துவிட்டு, தெருமுனை திரும்பும் வரை முகத்தைக் காப்பாற்றி, அங்கே நின்று அழுதாள்.

மறுநாள் கதவு வண்டியில் வந்து இறங்கியது, வழவழவென்று சாம்பல் நிறத்தில், புதுப் பெயின்ட் வாசனையோடு.

"மிஷின் வச்சுத் தேய்ச்சு, ரெண்டு கோட்டிங் அடிச்சேன்," என்றார் இரும்புக்காரர். "இதுக்குக் காசு வேண்டாம், நீங்க நம்ம ஆளு."

அக்கா கதவைத் தடவினாள். எங்கும் ஒரு மேடுபள்ளம் இல்லை.

"போன வாரம் ஒரு பெரியவர் வந்தாருக்கா. மகன் கைனு சொல்லி அழுதாரு. பக்கத்துக் கதவுல இருந்து அந்தத் துண்ட வெட்டி சும்மாவே குடுத்துட்டேன், அதுக்கெல்லாமா காசு வாங்குறது? இன்னும் யாராச்சும் வருவாங்கன்னுதான் இதத் தேய்க்காம வச்சிருந்தேன். நீங்க கறைன்னுட்டீங்க." அவள் முகத்தைப் பார்த்தார். "ஏங்க்கா, எங்கயாவது விட்டுப்போச்சா?"

"இல்லண்ணே. சுத்தமா இருக்கு."

பாக்கியை எண்ணிக் கொடுத்தாள். நூற்றிருபது கிலோ, கிலோவுக்கு எட்டு வீதம் பேரத்தில் மிச்சம் தொள்ளாயிரத்து அறுபது. நஷ்டம், ஒரு கை.