மேற்கு வாசல் கல்

ஆடி பிறந்ததும் மேல்காற்று தலைகால் புரியாமல் வீச ஆரம்பித்துவிட்டது. கரிசல் புழுதியை வாரிக்கொண்டு வந்து பட்டாசுக் கம்பெனியின் ஓட்டு அறைகள் மேல் கொட்டியது. மேல வரிசையில் மூன்றாம் அறைக்குள் முத்துப்பேச்சி காலை நீட்டி உட்கார்ந்து, பூச்சட்டி என்கிற புஸ்வாணத்தின் கூட்டில் மருந்தை அள்ளிப் போட்டு மரக்குச்சியால் இடித்து இறுக்கிக்கொண்டிருந்தாள். புருவத்திலும் பல்லிடுக்கிலும் வெள்ளிப் பவுடர். எதிரே அவளுடைய நாத்தனார் மாரித்தாய். பக்கத்தில் அச்சங்குளத்துக்காரிகள் இரண்டு பேர். நாலு பேருக்கும் வாயைத் திறக்க நேரமில்லை. நூற்று நாற்பத்து நாலு உருப்படி சேர்ந்தால் ஒரு குரோஸ், குரோஸ் கணக்கில் கூலி.

அந்த அறைகளுக்கு இரண்டு வாசல். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. தீ என்று வந்தால் எந்தப் பக்கமும் பாய்ந்து ஓடலாம் என்று சர்க்கார் விதிப்படி கட்டியது. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும், தாழ்ப்பாள் கிடையாது. ஆனால் மேற்கு வாசல் திறந்து கிடந்தால் காற்று உள்ளே புகுந்து மருந்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். போன மருந்துக்குக் கூலியில் பிடிப்பார்கள். அதனால் பெண்கள் கண்மாய்க் கரையிலிருந்து அறைக்கொரு கல்லை உருட்டி வந்திருந்தார்கள். காலையில் மேற்குக் கதவைச் சாத்தி, வெளியே கல்லை அண்டக்கொடுத்துவிட்டு, சுற்றி வந்து கிழக்கு வாசல் வழியாக உள்ளே போய் உட்காருவார்கள். கூலியைக் காப்பாற்றுகிற கல் என்பதால் வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். நாலைந்து வருஷத்தில் கல்லெல்லாம் அம்மனாகிவிட்டது.

புது மானேஜர் சீனிவாசகம் வந்த அந்த வாரமே அந்தக் கல்லில்தான் கை வைத்தார்.

மல்லாங்கிணற்றுக்காரர். ஒல்லி உடம்பு, முழங்கை வரைக்கும் மடித்துவிட்ட சட்டை. கேட்டிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே நடப்பார். செருப்பு ஆணி கல்லில் உரசினால் போதும், பொறி வரும் என்பார். அவரைப் பார்த்து மாரித்தாய்கூடக் கொலுசைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டாள். "மானேசரே கால்ல புழுதி சுடச்சுட வாராரு, நாம என்ன பெரிய மகாராணியா?" என்று சிரித்தாள்.

"இந்தக் கல்ல எடுக்கணும் தாயி" என்றார் அவர்.

"அய்யய்யோ, சாமிக்கல்லு அது!" முத்துப்பேச்சி குச்சியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். "வெள்ளிக்கெளமையும் அதுவுமா அதத் தொட்டா வெளங்குமா?"

அவர் சத்தம் போடவில்லை. கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மேல்துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, "ஆளுக்கொரு கை குடுங்க" என்றார். தூக்கிவிட்டதும் கழுத்து நரம்பு புடைக்க நடந்துபோய், வரிசைக்கு வடக்கே தள்ளி நின்ற வேப்பமரத்தடியில் இறக்கினார். சாத்தூர் போகிற வண்டிக்காரனிடம் தேங்காய் வாங்கிவரச் சொல்லி அதற்கு முன்னால் உடைத்தார். சூடம் மட்டும் ஏற்றவில்லை.

"சாமி இனிமே நெழல்ல இருக்கட்டும். மணி அடிச்சா, கையில உள்ளத அப்பிடியே போட்டுட்டு சாமிகிட்ட ஓடி வந்துரணும். வந்து கல்லத் தொடணும். தொடாத ஆளத் தேடி நான் உள்ள வருவேன். நான் செத்தா அந்தப் பாவம் உங்களுக்குத்தான், பாத்துக்கோங்க."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் மேல வரிசைக் கல் அத்தனையும் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. காற்றுக்கு வாசலில் ஈரச்சாக்கைப் படுதாவாகத் தொங்கவிட்டார். நினைத்த நேரத்தில் மணி அடித்தார். கஞ்சிக் கலயத்தைத் திறக்கும்போது அடிப்பார். பொழுது சாய்ந்து கையும் இடுப்பும் விட்டுப்போகிற நேரத்தில் அடிப்பார். எல்லாரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவார்கள். கடைசியில் வருகிறவளைக் கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள். அவருக்குக் 'கதவு மானேசர்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. முத்துப்பேச்சிதான் வைத்தாள்.

ஆனாலும் சாக்கு என்ன கதவாகுமா? கொஞ்சம் மருந்து பறந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பிடித்தத்தை நிறுத்துங்கள் என்று சீனிவாசகம் முதலாளி வெள்ளைத்துரையிடம் கேட்டுப் பார்த்தார். பார்க்கலாம் என்று சொன்னவர் பார்க்கவே இல்லை.

மாரித்தாய்க்குப் பொறுக்கவில்லை. சாத்தூர்க் கடையில் அவள் ஒரு சேலை பார்த்து வைத்திருந்தாள். அப்போதுதான் புதிதாக வந்திருந்த நைலான். கத்தரிப்பூ நிறம், கைக்குள் மடக்கினால் மடங்கிவிடும். தீபாவளிக்கு அதைக் கட்டாமல் விடுவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கம்பெனியின் கீழ வரிசையைச் சங்கிலிமுத்து என்கிற காண்ட்ராக்டர் வாய்ப்பேச்சில் எடுத்து நடத்திக்கொண்டிருந்தான். அங்கே மணி கிடையாது, ஓட்டம் கிடையாது. மேற்கு வாசலில் கல் அப்படியே இருந்தது.

"நான் அங்கன போறேன் மதினி" என்றாள் ஒரு நாள்.

"போகாத புள்ள. மனுசன் காரணமில்லாமயா சொல்லுதாரு?"

"நீங்க அவரு மணிக்கு ஓடுற நேரத்துல நான் அங்கன ரெண்டு குரோஸ் போட்டுருவேன்."

சீனிவாசகத்துக்குத் தெரிந்ததும் அவரே வந்து வழியில் மறித்தார். "தாயி, வேற எந்தக் கம்பெனிக்கு வேணும்னாலும் போ. அந்த வரிசைக்குப் போகாத" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாளே தவிர நிற்கவில்லை. அண்ணன்காரனை விட்டு அதட்டச் சொல்ல வேண்டும் என்று முத்துப்பேச்சி நினைத்தாள். வீட்டுக்குப் போனால் அடுப்பு, தண்ணி, மாடு. நினைத்தது அப்படியே நின்றுபோனது.

இரண்டு நாள் கழித்து முதலாளியின் கார் வேப்பமரத்தடியில் வந்து நின்றது. முத்துப்பேச்சி பானையில் தண்ணீர் மோந்து குடித்துக்கொண்டிருந்தாள். சீனிவாசகம் ஓடிவந்து கார் ஜன்னலில் குனிந்தார்.

"கீழ வரிசையும் எஞ்சொல்லுக்குக் கட்டுப்படணும் மொதலாளி. அங்கன கல்ல எடுக்க மாட்டேங்குறான். ரூமுக்கு ரூம் மருந்தக் குமிச்சு வச்சிருக்கான்."

"அது சங்கிலிமுத்து பொறுப்புங்க."

"லைசென்சுல எம்பேருதான மொதலாளி இருக்கு?"

"ஆர்டர் கழுத்த நெரிக்கிது. சீசன் முடியட்டும். தை மாசம் உக்காந்து பேசுவோம்." முதலாளி கார் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

சீனிவாசகம் புழுதிக்குள் நின்றுகொண்டிருந்தார். முத்துப்பேச்சியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் முகம் அப்படிச் செத்துப்போய் அவள் பார்த்ததில்லை.

ஆவணி பாதியில், மத்தியானக் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்த நேரம். வெடிச்சத்தம்கூட இல்லை, பெரிய அடுப்பில் ஒரே மூச்சாகத் தீப்பிடித்த மாதிரி 'குப்' என்று கேட்டது. அடுத்த நொடி மணி. முத்துப்பேச்சிக்கு அது நிஜ மணியா பொய் மணியா என்று யோசிக்கத் தோன்றவே இல்லை. குச்சி எங்கே விழுந்ததோ, கால் தானாக ஓடியது. சாக்கைத் தள்ளிக்கொண்டு மேற்கு வாசல் வழியாகப் பாய்ந்து, வேப்பமரத்தடிக்கு வந்து, கல்லைத் தொட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

கீழ வரிசையிலிருந்து புகை வெள்ளையாக, பனைமர உயரத்துக்கு எழும்பி நின்றது. அதிலிருந்து பொங்கிச் சிதறிய பொறி எதிர்க்காற்றையும் மீறி மேல வரிசைமேல் வந்து விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் அறை பற்றியது. அவள் உட்கார்ந்திருந்த பலகை, இறுக்கி வைத்த பூச்சட்டிகள் எல்லாம் சேர்ந்து ஓட்டைப் பிய்த்துக்கொண்டு வெள்ளி வெள்ளியாகப் பொங்கின. தீபாவளி ராத்திரியில் தெருப்பிள்ளைகள் கைதட்டுகிற அதே பூ.  பக்கத்தில் யாரோ தலைகளை எண்ணினார்கள். மேல வரிசைப் பெண்கள் ஒருத்தி குறையாமல் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள்.

"மாரி!" என்று அப்போதுதான் அவளுக்கு வாய் திறந்தது.

மாரித்தாய்க்குக் கீழ வரிசையில் நடு அறை. மருந்துத் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தது கிழக்கு வாசலில், தீப்பிடித்ததும் அங்கேதான். உள்ளே இருந்த நாலு பேருக்கும் மிச்சம் இருந்தது மேற்கு வாசல். முத்துப்பேச்சி போய்ச் சேர்ந்தபோது சீனிவாசகம் தனி ஆளாக அந்தக் கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கல் கொதித்தது. அவர் கையிலிருந்து தோல் உரிந்து கல்லில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை.

கதவு நாலு விரல் அகலம் திறந்திருந்தது. நாலு பேரும் சேர்ந்து தள்ளியதில் கல் அவ்வளவுதான் நகர்ந்திருந்தது. அந்த இடைவெளியில் ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாரித்தாயின் கண்ணாடி வளையல் இரண்டும் உடையாமல் கையில் கிடந்தன. முத்துப்பேச்சி அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். அது சூடாக இருந்தது, ஆனால் அவள் கையைத் திருப்பிப் பிடிக்கவில்லை. கல்லின் நெற்றியில் காலையில் வைத்த குங்குமம் அழியாமல் இருந்தது.

போலீஸ் ஜீப் பொழுது இறங்குவதற்குள் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குள் போய் முதலாளியோடு பேசிவிட்டு வந்து, "இங்க பொறுப்பு மானேஜர் யாரு?" என்று கேட்டார்.

சீனிவாசகம் எழுந்தார். இரண்டு கையிலும் வாழை இலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. அவரை ஜீப்பில் ஏறச் சொன்னதும் முத்துப்பேச்சி அழுத கண்ணைத் துடைக்காமல் ஜீப்புக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"அய்யா, ஆள் மாத்திப் பிடிக்கீக. கல்ல எடுக்கச் சொன்னவரு இவருதான். எடுக்க மாட்டேன்னது சங்கிலிமுத்து. அந்தா நிக்கான் பாருங்க!"

"தள்ளும்மா. லைசென்சுல யாரு பேரு இருக்கோ அவருதான் பதில் சொல்லணும். காண்ட்ராக்டுனு ஒண்ணு கம்பெனியிலயே கிடையாதுன்னு சொல்றாங்க."

"கெடையாதா?" அவள் முதலாளியைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலிமுத்து அவர் பின்னால் குடை பிடித்து நின்றான். "மொதலாளி, நீங்க சொல்லுங்க. இந்த மரத்தடியில நீங்க பேசுனத நான் கேட்டேன். சொல்லுங்களேன்!"

முதலாளி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். சீனிவாசகம் ஜீப்பின் கம்பியைப் பிடித்து ஏற முடியாமல் தடுமாறினார். ஒரு கான்ஸ்டபிள் அக்குளில் கை கொடுத்து ஏற்றிவிட்டான். "மணி அடிச்சதும் எல்லாரும் வந்துட்டீகளா தாயி?" என்று கேட்டார். முத்துப்பேச்சி தலையை ஆட்டினாள். 

புரட்டாசியில் கம்பெனி திறந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முத்துப்பேச்சிக்கு வழி ஏது? மாரித்தாய் சாவுக்குக் கம்பெனி கொடுத்தது காரியச் செலவுக்கே காணவில்லை. அதே பாதையில் நடந்து அவளும் போனாள்.

மேல வரிசைக்குப் புது ஓடு, புது வெள்ளை. வேப்பமரத்தடியில் சிமிண்ட்டு மேடை. மேடைமேல் மூன்றாம் அறைக் கல்லை நட்டுவைத்திருந்தார்கள். அத்தனை பெண்களையும் காப்பாற்றிய தாய் என்று ஊரெல்லாம் பேச்சாம். மேடை முகப்பில் வெள்ளைத்துரையின் பெயரைப் பெரிய எழுத்தில் வெட்டியிருந்தார்கள். முதலாளியம்மா வந்து கல்லுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, கொண்டுவந்த சேலையை விரித்துச் சாத்தினார்கள். நைலான் சேலை. கத்தரிப்பூ நிறம்.

முத்துப்பேச்சி கும்பிடத் தூக்கிய கையை அப்படியே கீழே போட்டாள். எல்லாரும் குலவையிட்டார்கள். அவள் சேர்ந்துகொள்ளவில்லை. "கதவு மானேசரு எப்ப வருவாரு?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். "ஜாமீனுக்கு ஆளில்லையாம், பேசாம இரு" என்று அவள் இடுப்பில் கிள்ளினாள்.

"போதும் போதும், உள்ள போங்க. லோடு நிக்கிது" என்று சத்தம் கேட்டது. சங்கிலிமுத்து. இப்போது அவன்தான் மானேஜர். காலில் புதுச்செருப்பு கிறீச் கிறீச்சென்று சத்தம் போட்டது.

மூன்றாம் அறையில் அவளோடு மூன்று பேர். மணியைக் கழற்றி ஆபீசில் போட்டுவிட்டார்கள் என்று ஒருத்தி சொன்னாள். மேற்கு வாசலில் சாக்கு இல்லை, புதுக்கதவு சாத்தியிருந்தது. முத்துப்பேச்சி எழுந்து போய் அதைத் தள்ளிப் பார்த்தாள். திறந்தது. வெளியே எட்டிப் பார்த்தாள்.

"எங்க, கல்லத் தேடுறியா?" வரிசையின் கோடியிலிருந்து சங்கிலிமுத்து கேட்டான். "சாமியக் கொண்டாந்து வாசல்ல போடக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாக. நீ போயி உக்காரு."

அவள் வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். கூட்டை எடுத்தாள். மருந்தை அள்ளினாள். வெளியே செருப்புச் சத்தம் முதல் அறையின் மேற்கு வாசலில் நின்றது. வெளிப்பக்கம் இரும்புக் கொண்டியை இழுத்து நாதாங்கியில் மாட்டிக் கதவை அடைக்கிற சத்தம் கேட்டது. செருப்பு நடந்தது. இரண்டாம் அறை. கொண்டி விழுந்தது.

முத்துப்பேச்சி கையில் அள்ளிய மருந்தோடு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் மூன்றாம் அறைக்கு வந்து நின்றது.