நிறைகுடத்து ஐந்திலை

தைத் திங்களின் வெண்பனி கூரைகளையும் தெருக்களையும் ஒருசேரப் போர்த்துக் கிடக்க, ஒன்ராறியோ ஏரியிலிருந்து எழுந்த வாடை கதவுதோறும் மோதித் திரிய, ஞாயிறு எழுந்தும் வெம்மை எழாத அக்காலைப் பொழுதில், தொரன்ரோ மாநகரின் வடகீழ்ப்பால் அமைந்த மல்வேர்னிலே ஒரு புதுவீடு மட்டும் விளக்கொளியும் நறும்புகையும் சுற்றத்தார் ஆரவாரமுமாகப் பொலிந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. சண்முகநாதனும் அவன் மனைவி மங்கையற்கரசியும் அவ்வீட்டிற் குடிபுகும் நாள்.

நல்லீர், மங்கையற்கரசி அந்நகரத்துக் கண்ணாடிப் பயிர்மனை ஒன்றில் பணிபுரிபவள். கமரூன் நாட்டு மழைக்காட்டில், மரம் வெட்டுவோர் கைக்குத் தப்பி விரல்விட்டு எண்ணத்தக்க அளவே எஞ்சிய அருமரம் ஒன்றின் விதைகள் அங்கே வந்தன; மற்றவையெல்லாம் மண்ணுள் மக்கிப்போக, ஒன்றே ஒன்று முளைத்தது. அம்மம்மா, அதற்கு அவள் பட்ட பாடு! அது சாண் உயர்ந்து ஐந்து இலை விட்ட செய்தியை வீட்டிலும் ஓயாது சொன்னாள். சண்முகநாதனோ ஓமென்று தலையாட்டினானேயன்றிக் காதில் வாங்கினானல்லன்.

குருக்கள் மந்திரம் தொடங்கவும், நிறைகுடத்தை நோக்கிய மங்கையற்கரசி திடுக்குற்றாள். தேங்காயைச் சூழ்ந்து நின்றவை மாவிலைகள் அல்ல. நடுநரம்பின் செம்மையும் நுனியின் முறுக்கும், ஐயோ, அவள் நாடோறும் நீர்தெளித்துத் துடைத்தவை அல்லவோ!

"இஞ்சருங்கோ, உந்த இலை எங்கால?"

"உம்மட கண்ணாடி வீட்டிலதான். நேற்று உம்மை ஏத்த வந்து காத்து நிண்டனான் எல்லே? கடையள் ஒண்டிலயும் மாவிலை இல்லை. அங்க பாத்தா ஒரு மாங்கண்டு, கணக்கா அஞ்சு இலையோட!" என்றான் அவன், பெரிய கெட்டித்தனம் செய்துவிட்ட மகிழ்ச்சியோடு.

தலையில் இடி விழுந்தாற்போல் நின்றவள், "கண்டு நிக்குதோ?" என்றாள். கன்றின் வேர் இருந்தால் மீண்டும் துளிர்க்கும் என்ற ஒரு நினைவில் அவள் உயிர் தொங்கியது.

"இழுத்த கையோட வேரும் வந்திட்டுது. இலையை ஆய்ஞ்சுபோட்டு மிச்சத்தைப் பனியுக்கை எறிஞ்சிட்டன். ஏன், ஒரு மாங்கொட்டை தாட்டா வேற முளைக்கும்தானே?"

மந்திரம் ஒலித்துக்கொண்டிருக்க, பெண்டிர் பதறித் தடுக்க, அவள் குடத்திலிருந்து இலைகளை உருவினாள். தேங்காய் தரையில் உருண்டது.

"என்னப்பா செய்யிறீர், நல்ல காரியத்தில!"

"உது மாங்கண்டில்லை. இனி முளைக்காதப்பா."

கோடரியோடு வருவோனைப் பகைவனென்று அறிந்து தடுக்கலாம்; தன் வீடு விளங்கவேண்டும் என்னும் ஆசையோடு இலைபறிக்க நீளும் கையை, நல்லீர், யார் என்னென்று சொல்லித் தடுப்பது?