கண்ணாடிக்குள் ஒரு கிண்ணம் சோறு

உணவைக் கும்பிடத் தெரிந்த இனம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது ஜப்பானிய இனம். இதை யூட் பல மேடைகளில் முழங்கியிருக்கிறார். மேடை என்றால், ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேநீர் ஊற்றுகிற மேசையடி. ஜப்பானுக்கு மிக அருகில் அவர் போனது சிங்கப்பூர் விமான நிலையம். அங்கேயும் பணிஸ் ரொட்டி வாங்கித்தான் சாப்பிட்டார்.

மன்னாரில் பிறந்த யூட், புலம்பெயர்ந்து வந்த பாட்டனி டவுன்ஸ் புறநகரில் ஒரு கொரியரிடம் ஜப்பானியச் சூஷிக் கடையை வாங்கிச் சில வருஷங்களாகின்றன. கடையோடு சோறு அவிக்கிற பெரிய குக்கரும் கடல்பாசித் தாள் கட்டுகளும் கறுப்புச் சட்டையும் வந்தன. ஞானம் வரவில்லை. அதை யூடியூப்பில் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். தலையில் வெள்ளைத் துணி கட்டினார். வாசலில் யாருடைய நிழல் விழுந்தாலும் "இரஷ்ஷைமாசே!" என்று, கரையில் நின்று வள்ளத்தைக் கூப்பிடுகிற குரலில் வரவேற்றார். பார்சல் கொண்டுவந்தவனுக்கும், கழிவறை எங்கே என்று கேட்க வந்த பெண்ணுக்கும் அதே மரியாதை கிடைத்தது. சோற்றை அவித்து உருட்டியது மனைவி ராசமணி. மரபைக் காத்தது யூட்.

கடையின் முகப்புக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கறுப்புக் கிண்ணம் இருந்தது. அதில் குவித்த வெள்ளைச் சோறு, சோற்றின் நட்டநடுவில் நெட்டுக்குத்தாக இரண்டு சாப்பாட்டுக் குச்சிகள். யூட்டின் சொந்தக் கற்பனை அது.

அந்தக் கிண்ணத்துக்கு முன்னால்தான் வியாழக்கிழமைகளில் ஒரு ஜப்பானியக் கிழவி வந்து நிற்பார். பையைத் தரையில் வைப்பார். கைகளைக் கூப்பி, கண்ணை மூடி, தலையைக் குனிந்து சற்று நேரம் நிற்பார். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பை நோக்கி நடப்பார்.

"ஒண்டும் வாங்கிறா இல்லையேயப்பா," என்றாள் ராசமணி.

"கோயிலுக்குப் போறவை மாதா சுரூபத்தை வாங்கிக்கொண்டோ வாறவை?"

ராசமணி குக்கரடிக்குத் திரும்பினாள். கும்பிடுவதைப் பற்றி அந்த வீட்டில் அதிகம் கதைக்க முடியாது. யூட்டின் தம்பி ரொஷான் யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். சனம் இராணுவத்திடம் சரணடைந்த வட்டுவாகல் பாலத்தடியில் கண்டதாக ஒருவர் சொன்னார்; அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நவம்பரும் மரித்த ஆன்மாக்களின் பூசை வரும்போது, தம்பியின் பேரையும் ஃபாதரிடம் கொடுப்போமா என்று ராசமணி கேட்பாள். "உயிரோட இருக்கிறவனுக்கு என்ன செத்த பூசை?" என்பார் யூட். முதல் வருஷங்களில் அதைச் சத்தமாகச் சொன்னார். இப்போதெல்லாம் ராசமணி கேட்டு முடிப்பதற்குள் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒக்டோபர் கடைசி வியாழன் அன்று, கோயில் ஆட்கள் ஆறேழு பேரை யூட் கடைக்கு அழைத்திருந்தார். தலைப்பு: ஜப்பானிய உணவு மரபு, ஓர் அறிமுகம். முன்வரிசையில் வசந்தமலர் நின்றாள். மண்டபத்தில் எவர் என்ன பேசினாலும் நடுவில் ஒன்று கேட்காவிட்டால் அவளுக்குத் தேநீர் இறங்காது.

"யூட் அண்ணை, அதென்ன சோத்துக்கு நடுவில கொடிக்கம்பம்? திருவிழாவோ?"

"சிரிக்காதையும் தங்கச்சி. அது தத்துவம்."

"வினாகிரி விட்ட சோத்துக்குத் தத்துவமோ! எங்கட வீட்டில புளிச்சுப்போனா நாங்கள் கொட்டிப்போடுவம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு வெளியே கிழவி வந்து பையைக் கீழே வைத்தார்.

"பாருங்கோ! இப்ப பாருங்கோ!" என்றார் யூட்.

கிழவி கைகூப்பினார். கடைக்குள் சிரிப்பு அடங்கியது. யூட்டுக்கு நெஞ்சு விம்மிற்று. ஓடிப்போய் மூன்று தரம் இடுப்பை வளைத்து வணங்கி, கிழவியை உள்ளே கூட்டிவந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில், "அம்மா, என்னுடைய உணவை ஏன் கும்பிடுகிறீர்கள் என்று இவர்களுக்குச் சொல்லுங்கள்," என்றார்.

கிழவி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துப் பேசினார்.

"எங்கள் ஊரில் செத்தவருக்குத்தான் சோற்றில் குச்சியை இப்படி நிறுத்துவார்கள். வேறு நாளில் செய்தால் பிள்ளைகளுக்கு அடி விழும். கடை வாசலில் ஒருவர் இப்படி வைத்திருக்கிறார் என்றால் அவருக்குப் பெரிய துக்கம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வியாபாரம் கெடும் என்று தெரிந்தும் வைத்திருக்கிறாரே. அதனால் நானும் கும்பிட்டேன். பேர் தெரியாது. இந்த வீட்டு மனிதர் என்று மட்டும் சொல்லிக் கும்பிட்டேன்."

கிண்ணத்தைக் காட்டி, "யார் அவர்?" என்று கேட்டார்.

சோறு உருட்டிக்கொண்டிருந்த ராசமணியின் கை நின்றது. யூட் கிண்ணத்தைப் பார்த்தார். அது அழகுக்கு வைத்தது என்று சொல்லியிருக்கலாம். இத்தனை பேருக்கு முன்னால் அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"என்ர தம்பி," என்றார். தமிழில் சொல்லிவிட்டது உறைத்து, ஆங்கிலத்திலும் சொன்னார். "ரொஷான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. தலைத்துணியை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

கிழவி திரும்பிக் கிண்ணத்தின் முன் நின்று, ரொஷான் என்ற பேரை இரண்டு முறை, தப்பில்லாமல் சொல்லப் பார்த்து, கும்பிட்டார். வசந்தமலர் சால்வையைத் தலைக்கு இழுத்துச் சிலுவை போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். எல்லோருக்கும் ரொஷானைத் தெரியும். அவன் பேரைச் சொல்லித்தான் ஒருவருக்கும் பழக்கம் இல்லை.

போகும்போது கிழவி கேட்டார்: "படைத்த சோற்றை வீட்டார்தான் சாப்பிட வேண்டும். வீணாக்கக் கூடாது. சாப்பிடுகிறீர்கள்தானே?"

"சாப்பிடுறம்," என்றார் யூட். "ஒவ்வொரு நாளும்."

கிழவிக்கு நிம்மதி. பையை எடுத்துக்கொண்டு போனார்.

கடை பூட்டுகிற நேரம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ராசமணியிடம் யூட் வந்தார்.

"இஞ்சாரும். இந்த முறை ஃபாதரிட்டைத் தம்பியின்ர பேரையும் குடும்."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "ஆரோட சேர்த்துக் குடுக்கிறது? காணாமப் போனாக்களோடயோ?"

"இல்லை," என்றார் யூட். "மற்றாக்களோட."

அவள் தண்ணீரை நிறுத்தினாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் குக்கரிலிருந்த மிச்சச் சோற்றைச் சுடச்சுடப் போட்டு நீட்டினாள். "அப்ப இதை வையுங்கோ. அந்த மனிசியிட்டைச் சாப்பிடுறம் எண்டு சொல்லியாச்சு."

யூட் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, புதுச் சோற்றில் குத்துவதற்காகப் பழைய கிண்ணத்தின் குச்சிகளைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கிண்ணத்தைத் தொடையிடுக்கில் வைத்து இழுத்தார். அப்போதும் வரவில்லை.

அந்தச் சோறு பிளாஸ்டிக். குச்சிகளைச் சூப்பர் குளூ போட்டு ஒட்டியது அவர்தான்.