தச்சர் பதிவேட்டின் நாற்பத்தோராம் பக்கம்

நான் அப்படியொன்றும் கெட்டவன் இல்லை. ஆனால் எட்டுக் கிழமையாக, அதாவது இரண்டு மாதமாக, ஒரு பக்கத்தை ஒளித்து வைத்திருந்தேன்.

எங்கள் ஊர்க்காரி சிறிதேவியின் கணவர் ஓட்வார் பாக்கே நோர்வேக்காரர். போன வருடம் காலமானார். முதல் வருட ஆட்டைத்திவசத்துக்கு எங்கள் ஊர் முறைப்படி கல்வெட்டு அடிக்க வேண்டும், அந்த நினைவுப் புத்தகத்தில் அவருடைய வம்சாவளி முழுசாக வர வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அவரது வம்சத்தின் முதல் ஆள் இருநூறு வருடத்துக்கு முன் ஒஸ்லோவில் தச்சுவேலை பழக வந்தவனாம். பெயர் மட்டும் தெரியாது.

செவ்வாய்தோறும் லில்லெஸ்ட்ரோமிலிருந்து ரயிலேறி ஆவணக் காப்பகத்துக்கு வருவாள். அவளுக்குப் படித்துச் சொல்ல நான் ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து போவேன். முப்பது வருடம் தபால் பிரித்தவன் நான். பென்சனுக்குப் பிறகு பொழுது போகாமல் பழைய நோர்வே எழுத்தையும் படித்து வைத்திருந்தேன். எந்தக் கோழிக்கிறுக்கலும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவள் 'பாக்கே' என்ற பின்பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் இவர்களுக்கும் எங்களைப் போலத் தகப்பன் பெயர்தான் பின்பெயர். பாக்கே என்பது பண்ணையின் பெயராக இருக்கும் என்று தேடியதில் மூன்றாம் கிழமையே எனக்கு ஆள் அகப்பட்டான். தச்சர் சங்கத்துப் பதிவேடு, நாற்பத்தோராம் பக்கம்: அன்டர்ஸ், லார்ஸின் மகன், பாக்கே பண்ணை, ஐந்து வருடம் வேலை பழக.

சொல்லத்தான் நினைத்தேன். தேநீருக்காக வெளியே வந்தபோது அவள் பிளாஸ்கைத் திறந்தாள்.

"யோகண்ணை, உங்களுக்குச் சீனி குறைச்சுத்தான் போட்டனான்."

என் வீட்டில் சீனி குறைக்க ஆளில்லாமல் ஒன்பது வருடம். திரும்பிப் போய்ப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

பதினோராம் கிழமை அவள் பேனையை மூடி வைத்தாள். "வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கோணும் அண்ணை. அந்த இடத்தை வெறுமையா விடுறன். ஓட்வார் கோவிக்க மாட்டார்."

கண் கலங்கியிருந்தாள். பதிவேட்டை இழுத்துப் பக்கத்தைக் காட்டினேன்.

அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். பிறகு, "எப்ப கண்டனீங்கள்?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "மூண்டாம் கிழமை. சொன்னா நீர் பிறகு வரமாட்டீர் எண்டுதான்…"

"கேட்டிருந்தா சும்மாவே வந்திருப்பனே அண்ணை."

குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

திவசத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. மறுகிழமை கல்வெட்டு மட்டும் தபாலில் வந்தது. வம்சாவளி அன்டர்ஸில் தொடங்கியது. நன்றிப் பக்கத்தில் முதற்பெயர் என்னுடையது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த செவ்வாயும் போனேன். பதிவேடு எடுத்துத் தருகிற பெண், கூட வருபவர் எங்கே என்று கேட்டாள்.

அவர் தேடியது கிடைத்துவிட்டது என்றேன்.