ஹம்மிங் வரும் இடம்

“இந்த நாலாவது மைக் யாருக்கு?” என்று சவுண்டு சர்வீஸ்காரர் கேட்டபோது நான் மேடைக்குக் கீழே நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். புது ஆள். வழக்கமாக வருகிறவர் இப்படியெல்லாம் கேட்கமாட்டார். ஹம்மிங் பாடுகிறவருக்கு என்றேன். எப்போது வருவார், லெவல் பார்க்க வேண்டுமே என்றார். வரமாட்டார், நீங்கள் ஆன் செய்து வைத்தால் போதும் என்றேன். திறந்து கிடக்கிற மைக் ஊளையிடும், விசிறிச் சத்தத்தை எல்லாம் இழுக்கும் என்று அவர் எனக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தார். அதற்கும் வாடகை உண்டு என்று சொன்னதும் வகுப்பு முடிந்துவிட்டது.

பதினோரு வருஷமாக இந்த இசை நிதிக்கு நான்தான் கௌரவச் செயலாளர். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்று பொருள். நிதியை வைத்தவர் எங்கள் கட்டிடத்தில் எனக்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில் இருக்கிற லிஃப்ட்காரர். நாற்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர், இன்றுவரை படியேறித்தான் போவார். அதன் வண்டவாளம் தெரிந்தவர் இல்லையா? மனைவிக்குப் பிறந்த வீட்டுப் பங்காக வந்த மனையை அவள் போன பிறகு விற்று, வங்கியில் போட்டு, அதிலிருந்து வருவதை நேரடி இசைக்கென்று ஒதுக்கினார். ரத்ததான முகாம், பார்வையற்றோர் பள்ளி, இலவச மருத்துவமனைக்கு மிஷின் வாங்க வசூல் என்று யார் நல்ல காரியம் செய்தாலும் விண்ணப்பிக்கலாம். வசூலில் ஒரு காசு பாட்டுக்காரருக்குப் போகக் கூடாது, பாட்டுக்காரரும் ஓசியில் வாசிக்கக் கூடாது. முதல் பாட்டுக்கு முன்பே உறை கைக்குப் போய்விடும். ஊரில் இந்த வழக்கம் இல்லை. தர்மகாரியம் என்றால் சமையல்காரருக்குக் கூலி உண்டு, பந்தல்காரருக்குக் கூலி உண்டு, பாடுகிறவருக்கு மட்டும் புண்ணியம்.

இதுவரை எல்லாம் சரி. அடுத்த நிபந்தனையில்தான் குழுக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பாட்டில் ஹம்மிங் வருகிற இடத்தில் யாரும் பாடக் கூடாது. புல்லாங்குழலோ கீபோர்டோ அந்த இடத்தை அடைக்கவும் கூடாது. தாளம் மட்டும் போக வேண்டும், நாலாவது மைக் திறந்திருக்க வேண்டும். முதல் தடவை கேட்கிறவர்கள் பாடகிக்கு மறந்துவிட்டது என்று நினைத்து உற்சாகப்படுத்தக் கைதட்டுவார்கள். ஒருமுறை ஒருவர் எழுந்துபோய் ஃபியூஸைப் பார்த்தார். ஆனால் இரண்டாம் பாட்டிலேயே கூடம் அடங்கிவிடும். தாளத்துக்கு நடுவே ஸ்பீக்கரில் லேசாக ஓர் இரைச்சல் கேட்கும். விசிறிதான், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் யாரோ பாடுவதற்கு முன்னால் மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டது போலவே இருக்கும். முடியும்வரை அந்த மூச்சு வெளியே வராது. லிஃப்ட்காரர் மேடைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் மனைவியை எல்லோரும் ஹம்மிங் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மெல்லிசைக் குழுவில் முன்வரிசைப் பாடகிக்குப் பின்னால் நின்று வார்த்தையில்லாத இடங்களைப் பாடுகிறவள். நோட்டீசில் பேர் வராது, மாலை விழாது. பெரும்பாலும் தர்ம நிகழ்ச்சிகள், அதனால் காசும் வராது. சும்மா பாடுகிறவளுக்கு எதற்கு வாரத்தில் மூன்று நாள் ரிகர்சல் என்று லிஃப்ட்காரர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அவள் போவதை நிறுத்தியது நான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், எப்படியும் நீங்கள் நாலு இடத்தில் கேட்கத்தான் போகிறீர்கள். இருபத்தேழு வருஷத்துக்கு முன்பு நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊரார் ரகசியத்தைக் காதில் மாட்டிக்கொண்டு சம்பளம் வாங்கியவள். ஒருநாள் விடியற்காலை டியூட்டி முடிந்து வருகிறேன், கட்டிட வாசலில் ஒரு ஸ்கூட்டர். அவள் குழுவின் கீபோர்டுக்காரர் ஓட்டிவந்திருக்கிறார், பின்னாலிருந்து ஹம்மிங் அக்கா இறங்குகிறாள். தலை கலைந்திருந்தது. செருப்பு காலில் இல்லை, கையில் இருந்தது. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா? அன்றைக்கே மாடிப்படியில் லிஃப்ட்காரரிடம் கேட்டேன். கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. “உங்க வீட்டம்மாவ யாரோ ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விட்டாங்களே, தெரிஞ்சவங்கதானே?” அவ்வளவுதான்.

அவர் கத்தவில்லை, கை நீட்டவில்லை. இனி ரிகர்சல் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவள் ஏன் என்று இரண்டு தடவை கேட்டது என் வீட்டுத் தரைக்குக் கேட்டது. மூன்றாவது தடவை கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து அந்தக் கீபோர்டுக்காரர் எக்ஸ்சேஞ்சுக்கே வந்து, கவுன்டரில் என்னைக் கூப்பிடச் சொன்னார். வெளியூரிலிருந்து திரும்பும்போது வேனின் அச்சு முறிந்துவிட்டதாம். ஊர் எல்லையிலிருந்து ஆறு பேரையும் இரவல் ஸ்கூட்டரில் இவரே ஆறு நடையாகக் கொண்டுவந்து விட்டாராம். வேனைத் தள்ளியதில் அந்த அக்காவுக்குச் செருப்பு அறுந்துவிட்டதாம். வீட்டில் ஏதாவது தப்பாக எடுத்துக்கொண்டார்களோ, நீங்கள் மேல்வீடுதானே, ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார். சரி என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். அன்றைக்கு லிஃப்ட்காரர் வீட்டில் விருந்தாளிகள். மறுநாள் எனக்குத் தலைவலி. அப்புறம் சொன்னால், நான் ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் வாயை மட்டும் அந்த ஒரே ஒரு விஷயத்தில் இருபத்தேழு வருஷம் மூடி வைத்திருந்தேன்.

ஹம்மிங் அக்கா அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் இருந்தாள். அடுக்களையில்கூட ஒரு முனகல் கிடையாது. கடைசியில் சிறுநீரகம் கைவிட்டு, வாரம் மூன்று நாள் மிஷினில் படுத்திருந்தாள். ரிகர்சலுக்குப் போன அதே மூன்று கிழமைகள் என்று லிஃப்ட்காரர்தான் சொன்னார். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது ஹம்மிங் பண்ணேன் என்று கேட்டிருக்கிறார். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, மறந்துபோச்சுங்க என்றாளாம். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, நிஜமாகவே தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள் என்றார்.

அவள் போன பிறகு புதன்கிழமைதோறும் விண்ணப்பங்களைப் பார்க்க நான் அவர் வீட்டுக்குப் போவேன். டீ போட்டு வைத்திருப்பார். கல்யாணம் ஆகாதவள், ஓய்வு பெற்றவள், வாய் நீளம். என்னைக் கண்டால் இந்தக் கட்டிடத்தில் கதவுகள் மெதுவாகச் சாத்திக்கொள்ளும். எனக்காகத் திறந்துவைத்த கதவு அது ஒன்றுதான். அந்தக் கீபோர்டுக்காரரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவர் சொன்ன புதன்கிழமையே, அதைத்தான் இழக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

டயாலிசிஸ் மிஷின் வாங்குவதற்கான வசூல் நிகழ்ச்சிக்கு அவரை வாசிக்கவைக்க வேண்டும், நீங்களே போன் போட்டு நிபந்தனையைச் சொல்லிவிடுங்கள் என்று நம்பரைக் கொடுத்தார். லட்சம் அழைப்பை இணைத்துக்கொடுத்த கை இது. ஒன்பது நாள் அந்த நம்பரை அழுத்துவதும் மணி அடிப்பதற்குள் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் நாளும் இடமும் மட்டும் எழுதிக் குறுஞ்செய்தி அனுப்பினேன்.

நாலு மணி நிகழ்ச்சிக்கு மூன்றரைக்கு வந்தார். எழுபது தாண்டியவர், கை விரல் மட்டும் வயசாகாமல் இருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் தெரிவித்துக்கொள்ளவில்லை. லிஃப்ட்காரரை மருத்துவமனை டாக்டரோடு பேசவைத்து, இவருக்கு எதிர்மூலையில் டீ கொடுத்து, நடுவில் நான் போக்குவரத்து போலீஸ் மாதிரி நின்றேன். நாலாவது மைக்கைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அந்த இடத்துல நம்ம ஹம்மிங்தானே நிக்கும். அவங்களும் வர்றாங்களாம்மா?”

இறந்துவிட்டாள் என்று சொன்னால் எப்போது, எப்படி, வீட்டுக்காரர் எங்கே என்று பேச்சு நீளும். “இன்னும் வரல” என்றேன். நாக்கு பழைய நாக்குத்தானே.

மூன்றாவது பாட்டில்தான் ஹம்மிங் வருகிறது. பாடகி நிறுத்தினாள். கீபோர்டுக்காரர் ஹம்மிங்குக்குள் கொண்டுபோகிற நாலு ஸ்வரத்தை வாசித்துவிட்டு, இடப்பக்கம் திரும்பி, மைக்கைப் பார்த்துத் தலையை அசைத்தார், ஆரம்பி என்பது போல. ஒன்றும் வரவில்லை. ஸ்பீக்கர் மூச்சை இழுத்தது. பாடுகிறவர் இடத்தைத் தவறவிட்டால் அதே அடியைத் திருப்பி வாசித்துக் காத்திருப்பது குழுக்காரர் பழக்கம். அவர் திருப்பி வாசித்தார். மறுபடி தலையசைப்பு. சிரித்தார்கூட, பரவாயில்லை, இப்போது வா என்று ஒரு சின்னப் பெண்ணிடம் சிரிப்பது போல. மூன்றாவது தடவை. டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்தார். கூடத்தில் எல்லோரும் கீபோர்டுக்காரர் பார்வை போன பக்கமே பார்த்தார்கள். ஐந்தாவது தடவையில் எனக்கே மைக்குக்குப் பின்னால் யாரோ தயங்கி நிற்பது தெரிய ஆரம்பித்துவிட்டது. செருப்பில்லாத கால்.

லிஃப்ட்காரர் ஸ்டூலை விட்டு எழுந்து மேடைக்கு வந்தார். பதினோரு வருஷத்தில் அவர் மேடையேறியது அன்றுதான். கீபோர்டுக்காரரின் மணிக்கட்டின் மேல் கை வைத்தார். நின்ற இடம் நாலாவது மைக்குக்குப் பக்கம் என்பதால் அவர் மெல்லச் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

“அவ இல்லண்ணே. பன்னெண்டு வருஷமாச்சு.”

“இன்னும் வரலன்னுல்ல அந்தம்மா சொன்னாங்க?”

சவுண்டு சர்வீஸ்காரர் அப்போதுதான் அந்த மைக்கை அணைத்தார். வாடகைக்கு நாணயமான மனுஷன், அதுவரை அணைக்கவில்லை.

நிகழ்ச்சி எப்படியோ முடிந்தது. வசூல் நினைத்ததைவிட அதிகம். ஜனங்கள் அழுதால் தாராளமாகக் கொடுப்பார்கள். பின்பக்க வராந்தாவில் இருவரும் டீக் கோப்பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கணக்கு நோட்டு தேடுகிற சாக்கில் கதவோரம் நின்றேன். ஒட்டுக்கேட்பது எனக்குத் தொழில், ஆனால் அன்று போல ஒரு வார்த்தை விடாமல் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த விடியற்காலைக் கதையைக் கீபோர்டுக்காரர் சொன்னார். வேன், அச்சு, ஆறு நடை, அறுந்த செருப்பு. லிஃப்ட்காரர் ஒவ்வொன்றுக்கும் ம் என்றார்.

“அப்பவே சொல்லி விட்டேனே தம்பி. உங்க மேல்வீட்ல எக்ஸ்சேஞ்சுல வேல பாத்த பொண்ணு ஒண்ணு இருந்துச்சு. உங்ககிட்ட வந்து சொல்லலையா?”

லிஃப்ட்காரர் கதவுப் பக்கம் திரும்பவில்லை. டீயைக் குடித்து முடித்தார். “சொல்லியிருப்பாங்க. நான்தான் மறந்திருப்பேன்” என்றார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, கீபோர்டுக்காரரையா என்று இன்றுவரை விளங்கவில்லை. இருவரும் ஒரே ஆட்டோவில் திரும்பினோம். கட்டிடத்துக்கு வந்ததும் அவர் படியில் ஏறினார். நான் லிஃப்டில் போய்விட்டேன்.

அடுத்த புதன்கிழமை போகலாமா வேண்டாமா என்று என் வாசலிலேயே அரைமணி நேரம் நின்றேன். போனேன். கதவு திறந்திருந்தது. டீ இல்லை. மேஜையில் ஒரே ஒரு விண்ணப்பம், ரத்ததான முகாம். உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மன்னிப்பு என்கிற வார்த்தையை நான் தொண்டைவரை கொண்டுவந்தேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

“இந்தத் தடவ அந்த மைக்ல நீங்க நில்லுங்க.”

“எனக்குப் பாட வராதுங்களே.”

“பாட வேணாம் எக்ஸ்சேஞ்சம்மா. நில்லுங்க.”

முகாம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. எனக்கும் ஓர் உறை கொடுத்தார்கள், அவர் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றால் விதி மீறல். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மேடையின் இடப்பக்கம் போய் நின்றேன். கட்டிடத்துக்காரர்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். எக்ஸ்சேஞ்சு மைக் பிடிக்கப் போகிறது, இனி யார் மானம் கப்பலேறுமோ என்று பின்வரிசையில் ஒருத்தி சொல்ல, சிரிப்பு கிளம்பியது. லிஃப்ட்காரர் பின்னால் ஸ்டூலில் இல்லை. முதல் வரிசையில், நடுவில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார்.

பாடகி தன் வரியை முடித்து ஓரடி பின்வாங்கினாள். தாளம் மட்டும் மிஞ்சியது. மைக்கின் கம்பிவலை என் உதட்டுக்கு நாலு விரல் தள்ளி இருந்தது. குளிர்ந்த இரும்பு வாசனை, அதற்குள் யார் யாரோ பாடிவிட்டுப் போன எச்சில் வாசனை. மூச்சு விட்டேன். மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் அது எனக்கே திரும்பி வந்தது, என்னைவிடப் பெரிதாக. சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்த ஒருத்தி, முழங்கையை மடக்கி அதில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, நான் ஏதோ பாடப் போகிறேன் என்று நம்பி நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் முன்னால் சாய்ந்தார்கள், வரிசை வரிசையாக, கடைசி நாற்காலிவரை.