பதினோரு மணிக் கப்பலும் ஓர் ஆமெனும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் எழுத உட்கார்ந்தது ஓர் அறிக்கை. தீவு நாட்டுத் தலைநகர் நுக்குஅலோஃபாவில் ஒரு சபைத் தலைமையகம் (எந்தச் சபை என்று கேட்காதீர்கள், நாளைக்கும் நான் அந்தத் தெருவில்தான் ரொட்டி வாங்க வேண்டும்) 'ஊழியர் செயல்திறனைப் பாதிக்கும் பணியிடக் காரணிகள்' பற்றி எழுதித் தரச் சொன்னது. தொடங்கினேன்: "பணியிடச் சூழல் என்பது பல்வேறு..."

சீ, இதை நானே படிக்க மாட்டேன்.

2

ஆகவே கலோலைனே. அந்தத் தலைமையகத்தில் பதினொரு வருடமாகத் தட்டச்சு மேசை அவளுடையது. செவ்வாய் காலையில்தான் கைக்கு வரும் ஞாயிறு வேதபாடக் கையேட்டை அடித்து, நகலெடுத்து, கட்டு கட்டி, அன்றே பதினோரு மணிக் கப்பலில் தீவுகளுக்கு ஏற்ற வேண்டும். மூன்று வாரமாக ஏறவில்லை. நாலாவது முறையும் தவறினால் தொலைதூரத் தீவான நியுவாவுக்கு மாற்றல் என்று கடிதம் வந்துவிட்டது. அங்கே கப்பல் மாதத்துக்கு ஒன்று. அவள் பிள்ளைகள் இரண்டும் இங்கே பள்ளிக்கூடத்தில்.

[முதல் வரைவில் அவளைச் சோம்பேறியாக வைத்திருந்தேன். அவள் விரல் ஓடும் வேகத்தை நேரில் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. அந்த வரியை அடித்துவிட்டேன்.]

3

காரணம் எல்லோருக்கும் தெரியும். எட்டரைக்குக் காலை ஜெபம். ஒரு மாதம் முன் வந்த செயலர், போதகர் சியோசிஃபா, தீவு தீவாகப் பேர் சொல்லி ஜெபிப்பார். வவாவு, ஹாபாய், எவுவா... ஒன்று விட்டுப்போனாலும் அந்தத் தீவுக்காரர் மனம் புண்படுமே என்று முதலிலிருந்து மறுபடி தொடங்குவார். மரியாதைக்காக இடுப்பில் சுற்றும் பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேர் கண்ணை மூடி நிற்பார்கள். முடிய பத்தரை ஆகும். எந்தத் தீவுகளுக்காக ஜெபமோ, அந்தத் தீவுகளுக்குத்தான் கையேடு போய்ச் சேராது.

என் அறிக்கைக்காக ஊழியர்களுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். 'தாமதத்துக்குக் காரணம் என்ன?' அதை வாங்கிப் பார்ப்பவரும் போதகரே.

"என்னம்மா எழுதின?" என்றான் ஓட்டுநர் ஃபினாவ்.

"ஃபேன் சரியில்லன்னு."

"அட, நானும் அதான்! பன்னெண்டு பேரும் அதையேதான் எழுதியிருக்கோம். பாவம், அந்த ஃபேன் யாரு குடியக் கெடுத்துச்சு?"

புது மின்விசிறி வந்தது. செவ்வாய்க்கிழமையும் வந்தது.

4

அன்று போதகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. (வசதியாகக் கட்ட வைத்தேன் என்கிறீர்களா? ஆமாம், எழுதுகிறவன் நான்தானே.)

"கலோலைனே, இன்னிக்கு நீ ஜெபம் பண்ணும்மா," என்றார் கரகரவென்று.

போதகர் முகத்துக்கு நேரே பேசினால் மரியாதைக் குறைவு. அவர் காதுபட ஆண்டவரிடம் பேசினால் யாரும் குறுக்கிட முடியாது.

"ஆண்டவரே, ஐயா ரொம்ப நல்லவரு. ஒரு தீவு விடாம உமக்கு ஞாபகப்படுத்துறாரு. உமக்கு எந்தத் தீவு தெரியாது சாமி, நீர்தானே படைச்சீர்? புஸ்தகம் நாந்தானே அனுப்பணும்! எட்டே முக்காலுக்குள்ள என்னை மேசைக்கு விட்டுடச் சொல்லும். ஃபேன் மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல. பிள்ளைங்களை விட்டுட்டு நான் எங்க போவேன்? எனக்குப் பயமா இருக்கு ஆண்டவரே."

பக்கத்தில் ஃபினாவுக்கு இருமல் வந்தது. அது சிரிப்புதான். அவள் நிறுத்திவிட்டாள். அந்த அலுவலக வழக்கப்படி முதல் ஆமென் போதகருடையது. அது வராமல் யாரும் கண் திறக்கக் கூடாது.

5

முடிவு ஒன்று: போதகர் கண்கலங்கி, "என்னை மன்னிச்சிடும்மா" என்று...

நம்ப மாட்டீர்கள். விடுங்கள்.

முடிவு இரண்டு: நியுவாக் கப்பலில் இரண்டு பெட்டிகளோடு அவள்...

கை வரவில்லை.

மணி எட்டு நாற்பது. கையேட்டுக்கு அவளுக்கு இரண்டு மணி நேரம் போதும். போதகரின் ஆமென் இன்னும் வரவில்லை; பன்னிரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். மின்விசிறி ஜோராகச் சுற்றுகிறது. போதகர் வாயைத் திறக்கிறாரா இல்லையா என்று பார்க்க அங்கே ஒருவர் கண்ணும் திறந்திருக்கவில்லை. என் குரல் அவர்களுக்குத் தெரியும், நான் சொன்னால் மாட்டிக்கொள்வேன். உங்கள் குரல் தெரியாது.

ஒரே ஒரு வார்த்தை. கொஞ்சம் கரகரப்பாகச் சொல்லுங்கள்.